மேம்பாலத்துக்கு அடியில் கிடக்கும் இடத்தைப் போட்டிக்கு எடுத்திருக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கும் நான்கு பேர். நகரில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அதற்குப் புது உருவம் கொடுக்கச் சொல்கிறது மாணவர் போட்டி. கையில் இருப்பது ஆறு வாரம். ஒப்படைக்க வேண்டியது இரண்டு ஏ1 தாள்கள். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள மேம்பாலத்தின் அடிப்பகுதியைத் தேர்ந்திருக்கிறீர்கள். ஓவியக் காட்சிக்கூடம், திறந்தவெளி அரங்கு, தூண்களில் செங்குத்துத் தோட்டம், காபிக் கடை என்று பட்டியல் போட்டு, இவற்றில் எது நடுவர்களுக்குப் பிடிக்கும் என்று கேட்கிறீர்கள். கூவம் கரை போலப் பெரிய இடத்துக்கு மாறிவிடலாமா என்றும் ஒரு யோசனை. ஆனால் கடைசி வரியில், "அங்கே எதுவுமே இல்லை, அதனால் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. மற்றவை எல்லாம் அதற்குப் பதில் கிடைத்த பிறகு தாமாகவே தெளிந்துவிடும்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கட்டடக் கலைஞராக வேலை செய்கிறேன்; அதில் பாதிக்கும் மேல் தெரு, பேருந்து நிலையம், குளக்கரை போன்ற பொது இடங்கள். மாணவர்களுக்கு ஸ்டுடியோ எனும் வடிவமைப்பு வகுப்பு எடுத்திருக்கிறேன். சில போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்திருக்கிறேன். வெளிச்சம், மழை, இரைச்சல், நில உரிமை பற்றி நான் கீழே சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். நடுவர்களின் ரசனை பற்றிச் சொல்வது என் அனுபவக் கணிப்பு மட்டுமே. வேறு ஐந்து பேர் உட்கார்ந்தால் வேறு முடிவு வரும்.

முதலில், அங்கே எதுவுமே இல்லை என்பது அநேகமாகத் தவறு. நீங்கள் எந்த நேரத்தில் போனீர்கள் என்று கேள்வியில் இல்லை. கல்லூரி முடிந்து மாலை நாலு மணிக்குப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் பல ஆண்டுகளுக்கு முன்பு இதே போன்ற ஒரு மேம்பாலத்தை அளக்கப் போனபோது பகலில் பார்த்தது நிறுத்திவைத்த வேன்கள், உடைந்த சிமென்ட் பலகைகள், குப்பை. பிறகு ஒரு நாள் விடியற்காலை நாலரைக்குப் போனேன். இரண்டாவது தூணுக்கும் மூன்றாவது தூணுக்கும் நடுவே ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தையிலிருந்து வந்த மூட்டை நடுவில். வாழைநார் ஒரு வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. அவர்கள் அந்த இடைவெளியைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. சாலை விளக்கின் வெளிச்சம் அங்கே மட்டும்தான் உள்ளே விழுந்தது. அடுத்த இடைவெளியில் பாலத்தின் மழைநீர்க் குழாய் உடைந்து ஒழுகியதால் தரை எப்போதும் ஈரம். ஆறரைக்கு அவர்கள் எழுந்து போனார்கள். ஏழு மணிக்கு அதே இடத்தில் இஸ்திரி வண்டி வந்து நின்றது. பதினொரு மணிக்கு ஆட்டோ ஓட்டுநர்கள் நிழலுக்கு ஒதுங்கினார்கள். மாலையில் பையன்கள் தூணில் கரிக்கட்டியால் ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடினார்கள். ஒரே இருபது மீட்டர் இடத்தை நாலு கூட்டம் முறைவைத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. நகராட்சிக் கோப்பில் அது காலி இடம்.

எனவே உங்கள் ஆறு வாரத்தில் முதல் பத்து நாட்களைப் பார்ப்பதற்கே கொடுங்கள். நாலு பேர் இருக்கிறீர்கள். முறைவைத்துக்கொண்டால் ஒரு வேலை நாளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் முழுதாகப் பிடித்துவிடலாம். இரவுப் பார்வைக்குத் தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேராகப் போங்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரே தரைப்படத்தின் பிரதிகளை எடுத்துக்கொண்டு, அரை மணிக்கு ஒருமுறை யார் எங்கே நிற்கிறார், உட்கார்கிறார், தூங்குகிறார், எவ்வழியாகக் குறுக்கே போகிறார் என்று புள்ளி வையுங்கள். ஆண் ஒரு நிறம், பெண் ஒரு நிறம். பெண்கள் எந்த நேரத்தில் படத்திலிருந்து மறைந்துபோகிறார்கள் என்பது அந்த இடத்தைப் பற்றிய முக்கியமான செய்தி. அதை எந்தக் கேள்வித்தாளாலும் பிடிக்க முடியாது. நியூயார்க்கில் வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் 1970-களில் சதுக்கங்களைப் படக்கருவி வைத்து மணிக்கணக்கில் பதிவுசெய்து பார்த்து, மக்கள் உட்கார வசதி இருக்கும் இடத்தில்தான் உட்காருகிறார்கள் என்று சொன்னார். கேட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அந்த நகரத்தின் சதுக்க விதிகளையே அது மாற்றியது, ஏனென்றால் அவர் கையில் எண்ணிக்கை இருந்தது. முகம் தெரியும்படி யாரையும் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். தூங்குபவரை எடுக்கவே எடுக்காதீர்கள். புள்ளி போதும்.

அடுத்தது, அந்த நிலம் யாருடையது. மாணவர் தாள்களில் பத்துக்கு ஒன்பதில் இந்தக் கேள்வியே இருக்காது. நம் மொழியில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: புறம்போக்கு. இன்று அதை வசைச்சொல் ஆக்கிவிட்டோம். உண்மையில் அது வருவாய்த் துறைச் சொல். தீர்வை விதிக்கப்படாமல், தனியார் பட்டாவுக்குப் புறம்பாக, பொதுவுக்கு விடப்பட்ட நிலம். நீர்நிலை, வண்டிப்பாதை, மேய்ச்சல் தரை, மயானம் எல்லாம் அதில் அடங்கும். சென்னையின் மந்தைவெளி தன் பெயரிலேயே அந்த நினைவை வைத்திருக்கிறது. யாருடையதும் அல்ல என்பதும் எல்லோருக்கும் உரியது என்பதும் ஒரே சொல்லில் இருந்தன. நாம் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டோம். உங்கள் இடத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, தமிழக அரசின் இணையவழி நிலப் பதிவேட்டில் அது எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். பாலம் ஒரு துறையுடையதாகவும், அடியில் உள்ள தரை இன்னொரு துறையுடையதாகவும், மழைநீர் வடிகால் மூன்றாவது துறையுடையதாகவும் இருப்பது நம் ஊரில் வழக்கம். கத்திப்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். மேம்பாலத்தைக் கட்டியது தேசிய நெடுஞ்சாலை ஆணையம், 2008-இல். அதன் வளையங்களுக்கு அடியில் இருந்த வெற்றுத்தரையைச் சதுக்கமாக்கி 2021 டிசம்பரில் திறந்தது சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம். பேருந்து நிறுத்தம், வாகன நிறுத்தம், கடைகள், விளையாடும் இடம் எல்லாம் அங்கே வந்தன. பக்கத்திலேயே ஆலந்தூர் மெட்ரோ நிலையம் இருப்பதால் ஆட்கள் எப்படியும் அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. கவனித்துக்கொள்ள ஒரு நிறுவனமும் இருந்தது. வடிவத்தைவிட இந்த இரண்டும்தான் அதைத் தாங்குகின்றன என்பது என் கருத்து. ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். செங்குத்துத் தோட்டத்தைக் கைவிடுங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். கணக்குப் போட்டே காட்டுகிறேன். பாலம் கிழக்கு மேற்காகப் போகிறது, அடியில் ஐந்தரை மீட்டர் உயரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே ஏறக்குறைய 53 பாகை உயரத்தில் நிற்கும். வெயில் தென் விளிம்பிலிருந்து நாலு மீட்டர் உள்ளே வரும். ஜூன் 21 நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே, 80 பாகையில், ஏறத்தாழ உச்சியில். வட விளிம்பிலிருந்து ஒரே ஒரு மீட்டர்தான் உள்ளே விழும். பாலத்தின் அகலம் 17 மீட்டர் என்றால் நடுப்பகுதிக்கு ஆண்டு முழுவதும் நண்பகல் வெயில் கிடையாது. காலை மாலைச் சாய்வெயிலைப் பக்கத்துக் கட்டடங்கள் மறைத்துவிடும். மழையும் அங்கே விழாது. வெயிலும் மழையும் இல்லாத இடத்தில் தொட்டியை அடுக்கினால், தண்ணீர் லாரி வந்து நிற்கும் வரைதான் அது தோட்டம். ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மே மாதத்து நண்பகலில் நிழல் உறுதியாக இருக்கும், ஐப்பசி அடைமழையில் நனையாத, கூரை போடச் செலவே இல்லாத இடம் இது. சென்னையில் அதைவிடப் பெரிய சொத்து எது? அங்கே செடி வளர்க்கப் பாடுபடுவதைவிட, பாலத்தின் மேல்தளத்தில் விழும் மழைநீர் குழாய் வழியாக எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். அந்த நீரை விளிம்புக்குக் கொண்டுவந்து, வெயில் படும் அந்த மூன்று நாலு மீட்டரில் மட்டும் புங்கனோ பூவரசோ வைத்தால் பிழைக்கும். பாலத்தின் அடித்தளத்துக்கு அருகில் நீரை இறக்குவது பற்றி மட்டும் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். அது என் துறை அல்ல, உங்கள் துறையும் அல்ல.

திறந்தவெளி அரங்கும் எனக்குச் சந்தேகம்தான். நடுவராக உட்கார்ந்த ஒவ்வொரு முறையும், எந்த இடமானாலும், அரைவட்டப் படிக்கட்டு வரையப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். மேலே லாரி ஓடும் பாலத்தின் அடியில் நின்று உங்கள் நண்பரிடம் இயல்பான குரலில் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் கத்தத் தொடங்கியிருப்பீர்கள். கான்கிரீட் தளம் இரைச்சலைத் திருப்பித் திருப்பி அடிக்கும். நாடகம், பாட்டு, வாசிப்பு எதற்கும் அது ஒத்துவராது. பந்தாட்டம், சைக்கிள் பழுதுபார்ப்பு, பூக்கடை, கேரம், கழிப்பறை, தண்ணீர்க் குழாய், பேருந்துக்குக் காத்திருத்தல் இவற்றுக்கெல்லாம் இரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. நெதர்லாந்தின் கூக் ஆன் டே சான் ஊரில் இதைத்தான் செய்தார்கள். 1970-களில் வந்த நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளந்து தூண்கள் மேல் ஓடியது. அடியில் வாகனங்கள் நின்றதே தவிர வேறொன்றும் இல்லை. ஊர்மக்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, பல்பொருள் அங்காடி, பூக்கடை, மீன்கடை, சறுக்குப்பலகை மைதானம், மேசைப் பந்தாட்டம் என்று வைத்தார்கள். 2006-இல் ஐரோப்பியப் பொதுவெளிப் பரிசு அதற்குக் கிடைத்தது. மீனும் காய்கறியும் வாங்க வருகிறவர்களால்தான் அந்த இடம் பாதுகாப்பாக இருக்கிறது. மும்பை மாட்டுங்காவில் மேம்பாலத்தின் அடியில் பூங்கா ஒன்று இருக்கிறது. அது நடைபாதையாக, நடுவே நீளமாகப் போகிறது. இரைச்சலுக்கு நடுவே நடக்கலாம், உட்கார்ந்து பாட்டுக் கேட்க முடியாது என்று அதை அமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் ஆசிரியர்கள் அநேகமாக நியூயார்க்கின் ஹை லைன் பூங்காவை உதாரணம் காட்டியிருப்பார்கள். அதில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது. 1980-இல் கடைசி ரயில் ஓடிய பிறகு இடிக்கக் காத்திருந்த அந்த உயர்த்தப்பட்ட ரயில் பாதைக்கு 2003-இல் ஒரு திறந்த யோசனைப் போட்டி வைத்தார்கள். 36 நாடுகளிலிருந்து 720 அணிகள் யோசனைகளை அனுப்பின. ஒருவர் ஒன்றரை மைல் நீளத்துக்கு நீச்சல் குளமே வரைந்திருந்தார். அவற்றில் எதுவும் கட்டப்படவில்லை. கட்டியவர்கள் பிறகு வேறு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், 2009-இல் முதல் பகுதி திறந்தது. அப்படியானால் போட்டி எதற்குப் பயன்பட்டது? இடிப்பதைத் தவிர வேறு வழியும் உண்டு என்று ஊருக்குக் காட்டப் பயன்பட்டது. மாணவர் போட்டியின் வேலையும் அதுதான். உங்கள் வரைபடம் கட்டப்படப் போவதில்லை என்பதால் பொறுப்பில்லாமல் வரையலாம் என்று நினைக்காதீர்கள். ஆனால் டெண்டர் ஆவணம் போல வரையவும் வேண்டாம். அதே ஹை லைனைத் தொடங்கிய இருவரில் ஒருவர் பல ஆண்டுகள் கழித்து, பக்கத்துக் குடியிருப்பில் இருந்த ஏழை மக்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்றும், வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும் என்றும் வெளிப்படையாகச் சொன்னார். சுற்றுப்புறத்து வாடகை ஏறியதையும் சேர்த்தே அந்தத் திட்டத்தைப் படியுங்கள்.

என்னைக் கேட்டால் நீங்கள் படிக்க வேண்டியது ஆம்ஸ்டர்டாமின் விளையாட்டிடங்களை. போர் முடிந்து இரண்டு ஆண்டில், 1947-இல், ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் மாநகராட்சிக்காக ஒரு சின்னச் சதுக்கத்தில் மணல் குழி, சில இரும்பு வளைவுகள், உருண்டைக் கற்கள் வைத்து ஒரு விளையாட்டிடம் அமைத்தார். அதைப் பார்த்த அக்கம்பக்கத்தார் எங்கள் தெருவிலும் ஒரு மூலை சும்மா கிடக்கிறது என்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுதினார்கள். இடிந்த வீட்டு மனை, தெரு முனை, சாலை நடுத்திட்டு என்று 1978 வரை எழுநூறுக்கும் மேல் வந்துவிட்டன. ஒவ்வொன்றும் சின்னது, மலிவு, அதே ஐந்தாறு பொருள்கள். மாறியதெல்லாம் அவற்றை அந்தந்த இடத்துக்குத் தக்கபடி வைத்த விதம்தான். பெரிய மாற்றம் பெரிய இடத்தில்தான் பிறக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே கூவத்துக்கு மாறாதீர்கள். ஆறு வாரத்தில் நாலு பேர் ஓர் ஆற்றைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே கரையில் நீங்கள் வைக்கும் ஒரு திண்ணைகூட வெள்ளக் கணக்கைத் தொடும். 2015 டிசம்பரைப் பார்த்த ஊர் இது. மேம்பாலத்தடி முந்நூறு மீட்டரே உங்களுக்கு அதிகம். அதிலும் மூன்று தூண் இடைவெளியை மட்டும் எடுத்து முழுமையாக வரையுங்கள்.

பராமரிப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது என் சொந்தத் தவறு. ஒரு நகராட்சிக்காகப் பாலத்தடியில் குழந்தைகள் விளையாடும் இடம் ஒன்றை வடிவமைத்தேன். திறப்பு விழாவன்று அழகாக இருந்தது. பதினான்கு மாதம் கழித்துப் போனபோது ஊஞ்சல் சங்கிலி அறுந்து தொங்கியது, வாயிலுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. நான் வரைந்த நாற்பது தாள்களில், காலையில் யார் கூட்டுவார், விளக்கு போனால் யாரிடம் சொல்வது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு வரிகூட இல்லை. அதன்பிறகு நான் எந்த வேலையிலும் முதல் தாளிலேயே அதை எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது தாளின் கால்பகுதியை இதற்கு ஒதுக்குங்கள். அங்கேயே பிழைப்பு நடத்துகிறவருக்கு நிலையான இடமும் பூட்டுள்ள பெட்டியும் கொடுத்தால், அந்த இடம் சுத்தமாக இருப்பது அவருக்கே தேவையாகிவிடும் என்பது என் அனுபவத்தில் பெரும்பாலும் சரியாக வந்திருக்கிறது. எல்லா இடத்திலும் வரவில்லை.

அங்கே பிழைப்பு நடத்துகிறவர்களை அப்புறப்படுத்திவிட்டுத் தொடங்கும் வடிவமைப்பை நான் ஏற்க மாட்டேன். 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம், இடம் மாற்றுவதை இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நாலு பங்குக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அங்கே இரவில் தூங்கும் குடும்பம் இருந்தால், அது வடிவமைப்பால் தீரும் பிரச்சினை அல்ல. அதைத் தாளில் நேர்மையாகச் சொல்லுங்கள். படுக்க முடியாதபடி நடுவில் இரும்புக் கைப்பிடி வைத்த பெஞ்சை மட்டும் தயவுசெய்து வரையாதீர்கள்.

நடுவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட தாள்களைப் பார்க்கிறோம். முதல் சுற்றில் ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அந்தி வானம், பறக்கும் பலூன், வெளிநாட்டு முகங்கள் ஒட்டிய கணினிப் படங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பல ஆண்டுக்குப் பிறகும் எனக்கு நினைவிருக்கும் தாள் ஒன்று இருக்கிறது. பெரிய குறுக்குவெட்டு வரைபடம், பென்சிலில். அதில் ஒரு பூக்காரம்மா உட்காரும் பலகை 18 சென்டிமீட்டர், கூடையின் விட்டம், கை எட்டும் தூரம், தலைக்கு மேல் கட்டிய பிளாஸ்டிக் தாள் எல்லாம் அளவோடு இருந்தன. அந்த அணி கேட்டிருந்தது மூன்றே பொருள்: ஒரு விளக்கு, ஒரு குழாய், நனையாத ஒரு மேடை. அதற்கு முதல் பரிசு கிடைக்கவில்லை, மூன்றாவதுதான். நான் முதலிடத்துக்கு வாதாடினேன். மற்றவர்களுக்கு அதில் துணிச்சல் போதவில்லை என்று பட்டது. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனவே கவனித்ததை அப்படியே பதிவு செய்வதோடு நிற்காமல், அதிலிருந்து ஒரே ஒரு அடி தைரியமாக எடுத்து வையுங்கள். பூக்காரம்மாவின் விளக்கு மற்ற நேரத்தில் பையன்களின் கிரிக்கெட்டுக்கும், இரவில் வேலை முடிந்து கடக்கும் பெண்ணுக்கும் எப்படிப் பயன்படும் என்று ஒரே படத்தில் காட்ட முடிந்தால் அதுவே உங்கள் கருத்துரு.

என்ன மென்பொருள் என்றும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குக் கைவந்தது எதுவோ அது. ஆனால் ஐந்தாவது வாரக் கடைசியில் இரண்டு தாள்களையும் சாதாரணக் காகிதத்தில் அச்செடுத்து, மேம்பாலத்தடிக்கே கொண்டுபோய் விரித்து, அங்கே இருப்பவர்களிடம் காட்டுங்கள். பெயர்கள், அம்புக்குறிகள் எதையும் விளக்காதீர்கள். இஸ்திரிக்காரர் தன் வண்டி நிற்கும் இடத்தில் விரலை வைத்து, இங்கே ஏன் மரம் இருக்கிறது என்று கேட்டால், அதைத் திருத்த உங்களுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்.